அரிசி வியாபாரி சொல்கிறேன்: சோற்றை அளந்து போடுங்கள்



சென்ற மாதம் நம் சங்கக் கூட்டம் முடிந்து எல்லோரும் காபி குடித்துக்கொண்டிருந்தபோது, பலசரக்குக் கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே கேட்டார்: "என்ன அண்ணாச்சி, ஊருக்கெல்லாம் அரிசி மூட்டை போடுறீங்க, நீங்க மட்டும் சோத்தைக் கண்டா ஓடுறீங்களாமே?" சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கேள்வி மனத்தை விட்டு அகலவில்லை. முறையாகப் பதில் சொல்லிவிடலாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முப்பத்தைந்து ஆண்டுகளாக அரிசி மொத்த வியாபாரம் செய்கிறேன். எனக்கு முன் என் தகப்பனார் செய்தார். பிளவக்கல் பெரியாறு, கோவிலாறு அணைகளின் தண்ணீரில் வத்திராயிருப்பு, கூமாப்பட்டி, கான்சாபுரம் பகுதிகளில் விளையும் நெல்லை வாங்கி, அரைத்து, ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் அனுப்பித்தான் எங்கள் குடும்பம் தலையெடுத்தது. அணை நிரம்பினால் எங்கள் கல்லாவும் நிரம்பும். ஆகவே, சோற்றைக் குறையுங்கள் என்று சொல்வதில் எனக்கு ஒரு பைசா ஆதாயம் கிடையாது. இருந்தும் சொல்கிறேன் என்றால் அதற்குக் காரணம் என் அண்ணன்.

சீனியைத் தொடாத மனிதர்

அண்ணனுக்கு நாற்பத்தெட்டு வயதில் சர்க்கரை வியாதி என்று தெரிந்தது. அன்றைக்கே காபியில் சீனியை நிறுத்தினார். ஆடிப்பூரத் தேரோட்டத்துக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் போனால், உறவினருக்கெல்லாம் பால்கோவா வாங்கிக் கொடுப்பார்; தான் ஒரு துண்டு வாயில் போடமாட்டார். மாம்பழ சீசனில் ராஜபாளையத்துப் பஞ்சவர்ணம் கூடை கூடையாக வீட்டுக்கு வரும். பார்த்துவிட்டு எழுந்து போய்விடுவார். "நான் சீனியைத் தொடுறதே இல்லை" என்று பெருமையாகச் சொல்வார். அது உண்மைதான்.

ஆனால் காலையில் ஆறு இட்லி, மதியம் மூன்று முறை வாங்கிச் சோறு, இரவு கடை அடைத்துவிட்டு வரும் வழியில் எண்ணெய் புரோட்டா. இவை எதையும் அவர் குறைக்கவில்லை. குறைக்க வேண்டும் என்று நாங்களும் சொல்லவில்லை. எங்களுக்கே தெரியாது. அரிசி வியாபாரி வீட்டில் சோற்றை அளந்தா போடுவார்கள்?

பெட்டியடியில் வெறுங்காலோடு உட்கார்ந்திருப்பது அவர் வழக்கம். ஒரு நாள் சாக்குத் தைக்கும் ஊசி பாதத்தில் ஏறியிருக்கிறது. கால் ஏற்கனவே மரத்துப் போயிருந்ததால் வலி தெரியவில்லை. பார்த்தபோது புண் பழுத்துவிட்டது. "சின்னப் புண்ணுதான் தம்பி, சரியாயிரும்" என்று மூன்று வாரம் கடத்தினார். மதுரையில் ஒரு மருத்துவமனையில் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று. இரண்டு ஆண்டுகள் கழித்து, ஐம்பத்தேழு வயதில் போய்விட்டார்.

கால் எடுத்த மறுநாள் அவர் என்னிடம் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "நான் சீனியே தொடலையே தம்பி, பிறகு எப்படி?"

தராசு சொன்ன கணக்கு

அடுத்த ஆண்டு எனக்கும் வந்தது. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரைப் பரிசோதனையில் 9.4 என்று காட்டியது. எடை 88 கிலோ. பார்த்த டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, "ஒரு வாரம் உங்கள் தட்டில் எவ்வளவு அரிசி விழுகிறது என்று எழுதிக்கொண்டு வாருங்கள், உங்களிடம்தான் தராசு இருக்கிறதே" என்றார்.

வேடிக்கையாகத்தான் தொடங்கினேன். கணக்கைப் பார்த்ததும் வேடிக்கை போய்விட்டது. இட்லி, தோசை, சோறு எல்லாம் சேர்த்து நாளொன்றுக்கு நான் சாப்பிட்ட அரிசி 400 கிராம். நூறு கிராம் அரிசியில் மாவுச்சத்து சுமார் 78 கிராம். அப்படியானால் 312 கிராம் மாவுச்சத்து. அந்த மாவுச்சத்து குடலில் செரிக்கும்போது குளுக்கோசாக, அதாவது சர்க்கரையாகத்தான் இரத்தத்தில் சேர்கிறது. இனிப்பு நாக்குக்குத் தெரியவில்லை, அவ்வளவே.

இதோடு கடையில் குடித்த தேநீர் ஆறு கிளாஸ். கிளாசுக்கு இரண்டு ஸ்பூன் சீனி, பத்து கிராம். நாளைக்கு 60 கிராம். ஆண்டுக்குச் சுமார் 22 கிலோ. ஏறக்குறைய அரை மூட்டைச் சீனியை ஒரே ஆள் தேநீரில் குடித்திருக்கிறேன்!

இன்னொருவர் கடையில் இப்படிக் கணக்கில்லாமல் சரக்கு போயிருந்தால் நாம் என்ன சொல்லியிருப்போம்? அண்ணனின் கேள்விக்கு அன்றைக்குத்தான் எனக்குப் பதில் கிடைத்தது. அவர் சீனி மூட்டையைத்தான் மூடி வைத்தார். அரிசி மூட்டை திறந்தே இருந்தது.

அப்பா சொன்னதும் மகன் சொன்னதும்

"டாக்டர்கள் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள், எதை நம்புவது?" என்று கேட்பவர்கள் நம்மில் உண்டு. நியாயமான கேள்வி.

நம் நாட்டில் நீரிழிவு மருத்துவத்துக்கு முன்னோடி என்று போற்றப்படுபவர் சென்னையைச் சேர்ந்த பேராசிரியர் மு. விசுவநாதன். மாவுச்சத்தும் நார்ச்சத்தும் மிகுந்த உணவையே அந்தக் காலத்தில் அவர் தம் நோயாளிகளுக்குப் பரிந்துரைத்தார். கொழுப்பைக் குறைத்து, பருப்பு, கீரை, காய்கறி என நார்ச்சத்தைக் கூட்டுவது அதன் நோக்கம். நம்மவர்கள் அதில் நாருள்ள பாதியை விட்டுவிட்டு மாவுச்சத்துப் பாதியை மட்டும் வைத்துக்கொண்டோம். அரிசியும் ஆலையில் வெள்ளை வெளேரென்று தீட்டப்பட்டு வர ஆரம்பித்தது. வாடிக்கையாளர் வெள்ளையாகக் கேட்டார்; நாமும் வெள்ளையாகக் கொடுத்தோம்.

அவருடைய மகன்தான் டாக்டர் வி. மோகன். அவரும் டாக்டர் ஆர்.எம். அஞ்சனாவும் முன்னின்று, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் சார்பில் நாடு முழுவதும் நடத்திய ஆய்வின் முடிவு 2023-இல் வெளியாயிற்று. இந்தியாவில் சர்க்கரை வியாதி உள்ளவர்கள் 10 கோடியே 10 லட்சம். அதன் வாசலில் நிற்பவர்கள் 13 கோடியே 60 லட்சம். தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவிகிதம், அதாவது ஏழு பேரில் ஒருவர். நம் கடை வாசலில் நிற்கும் ஏழு பேரை எண்ணிப் பாருங்கள்.

அதே ஆய்வுக் குழு 2022-இல் 18,090 பேரின் உணவுக் கணக்கை வைத்து ஒரு மதிப்பீடு செய்தது. புதிதாகச் சர்க்கரை வந்தவர் அதிலிருந்து மீள வேண்டுமானால், அவர் சாப்பிடும் மொத்த சக்தியில் மாவுச்சத்தின் பங்கு 49 முதல் 54 சதவிகிதத்துக்குள் வர வேண்டும், புரதம் 19, 20 சதவிகிதமாக உயர வேண்டும் என்பது அந்த மதிப்பீடு. 2025-இல் அவர்களே வெளியிட்ட இன்னொரு ஆய்வில், இந்தியர் சாப்பாட்டில் மாவுச்சத்து 62 சதவிகிதமாகவும் புரதம் 12 சதவிகிதமாகவும் இருப்பது தெரிந்தது.

தகப்பனார் சொன்னதை மகன் மாற்றிச் சொல்வது அவமரியாதை ஆகாது. நம் தகப்பனார் வைத்த சரக்கையேவா நாமும் வைத்திருக்கிறோம்? காலம் மாறி, கணக்கு மாறினால், கொள்முதலும் மாறத்தான் வேண்டும்.

சிறுதானியம் என்ற சமாதானம்

வணிகர்கள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று அந்த 2025 ஆய்வில் இருக்கிறது. வெள்ளை அரிசிக்குப் பதிலாகக் கோதுமை மாவு, சிறுதானிய மாவு என்று மாற்றிக்கொண்டால் மட்டும் ஆபத்து குறையவில்லை. மொத்த மாவுச்சத்தின் அளவையும் குறைக்க வேண்டும் என்கிறது அது.

நாம் என்ன செய்கிறோம்? சர்க்கரை என்று ஒருவர் வந்தால் உடனே கேழ்வரகு மாவையோ கம்பு மாவையோ எடுத்து நீட்டி, "இது சர்க்கரைக்கு நல்லது, எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம்" என்கிறோம். நானும் சொல்லியிருக்கிறேன். நூறு கிராம் அரிசியில் மாவுச்சத்து 78 கிராம் என்றால், கேழ்வரகில் சுமார் 72, கம்பில் சுமார் 67. சிறுதானியத்தில் நாரும் சத்தும் கூடுதல்; அரிசியைவிட மேல் என்பதில் ஐயமில்லை. ஆனால் நான்கு தோசைக்குப் பதில் நான்கு கேழ்வரகு அடை சாப்பிடுகிறவர் பெரிய அளவில் எதையும் குறைத்துவிடவில்லை. "எவ்வளவு வேண்டுமானாலும்" என்ற சொல்தான் தப்பு. எடை தெரிந்த நாமே அந்தச் சொல்லைச் சொல்லலாமா?

இதற்கு எதிர்ப்புறம் பாருங்கள். நூறு கிராம் நிலக்கடலையில் மாவுச்சத்து 26 கிராம், புரதம் 25 கிராம். பாசிப்பயறில் மாவுச்சத்து 57, புரதம் 24. முட்டையில் மாவுச்சத்து இல்லையென்றே சொல்லலாம். தட்டில் இவற்றின் இடம் பெருக வேண்டும். தானியத்தின் இடம் சுருங்க வேண்டும்.

சோற்றைக் குறைத்தால் நிஜமாகவே பலன் உண்டா?

இது புதிதாகக் கிளம்பிய மோகம் அல்ல. 1863-இல் லண்டனில் வில்லியம் பேன்டிங் என்ற ஒரு வணிகர் இருந்தார். சவப்பெட்டி செய்து இறுதிச் சடங்குகளை நடத்திக் கொடுப்பது அவர் தொழில். உடல் பருத்து, படியிறங்கக்கூட முடியாமல் தவித்தவர், ஒரு மருத்துவர் சொன்னபடி ரொட்டி, சர்க்கரை, உருளைக்கிழங்கு, பீர் ஆகியவற்றை விலக்கி, ஏறத்தாழ ஓராண்டில் 21 கிலோ வரை இளைத்தார். தான் பெற்ற பலனை ஊருக்குச் சொல்ல வேண்டும் என்று சொந்தச் செலவில் சிறு நூலாக அச்சிட்டுக் கொடுத்தார். இன்சுலின் 1921-இல் கண்டுபிடிக்கப்படும் வரை, சர்க்கரை வியாதிக்கு மருத்துவர்களின் முக்கியமான ஆயுதமே மாவுச்சத்தைக் குறைப்பதுதான்.

இந்தக் காலத்து ஆராய்ச்சியும் அதை மறுக்கவில்லை. 2021-இல் 23 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். மாவுச்சத்தை நன்றாகக் குறைத்தவர்களில் ஆறு மாதத்தில் நூற்றுக்கு 57 பேருக்குச் சர்க்கரை நோய் அளவுக்குக் கீழே இறங்கியிருந்தது. மற்ற உணவு முறையில் இருந்தவர்களில் 31 பேருக்குத்தான். ஆனால் ஓராண்டு ஆனபோது அந்த வித்தியாசம் பெரிதும் தேய்ந்துவிட்டது என்பதையும் மறைக்காமல் சொல்லியிருக்கிறார்கள்.

பிரிட்டனில் நடந்த இன்னொரு ஆய்வு எடையைப் பற்றியது. சில மாதங்கள் மிகக் குறைந்த உணவில் இருந்து எடையைக் குறைத்தவர்களில் ஓராண்டு முடிவில் 46 சதவிகிதம் பேருக்கு மாத்திரை இல்லாமலே சர்க்கரை கட்டுக்குள் இருந்தது. 15 கிலோவுக்கு மேல் குறைத்தவர்களில் 86 சதவிகிதம் பேருக்கு. இரண்டாம் ஆண்டில் 46 என்பது 36 ஆக இறங்கியது. கல்லீரலிலும் கணையத்திலும் சேர்ந்த கொழுப்பு கரையும்போது இன்சுலின் மறுபடி வேலை செய்கிறது. எடை திரும்பினால் நோயும் திரும்புகிறது என்பது இதன் சாரம்.

ஆகவே ஆறு மாதம் பட்டினி கிடந்துவிட்டுப் பிறகு பழையபடி புரோட்டாக் கடைக்குப் போவதில் பயனில்லை. கடைசிவரை கடைப்பிடிக்கக்கூடிய அளவுக்குக் குறைப்பதே புத்திசாலித்தனம். சோற்றை அடியோடு விட்டு மேல்நாட்டார்போல் சாப்பிடுவது நம்மில் பெரும்பாலோர்க்கு ஒத்துவராது. எனக்கும் ஒத்துவரவில்லை.

நான் செய்வது இதுதான். 400 கிராம் அரிசியை 150 கிராமாக்கினேன். மதியத் தட்டில் பாதிக்குக் காய்: புடலை, பீர்க்கு, அவரை, முருங்கைக்கீரை. கால் பங்குக்குப் பருப்போ முட்டையோ மீனோ. மீதிக் கால் பங்குக்குத்தான் சோறு. அதையும் காயைச் சாப்பிட்ட பிறகு கடைசியில் சாப்பிடுகிறேன். காலையில் இரண்டு இட்லியோடு முட்டை. மாலையில் காராச்சேவுக்குப் பதில் ஒரு கைப்பிடி வேர்க்கடலை அல்லது சுண்டல். தேநீரில் சீனி கிடையாது. இரவு கடை அடைத்ததும் முக்கால் மணி நேர நடை. பத்து மாதத்தில் எடை 79 கிலோ ஆயிற்று, 9.4 என்பது 6.6 ஆயிற்று. மூன்று மாத்திரை ஒன்றாகியிருக்கிறது. தீபாவளிக்கு வழுக்கினேன், பொங்கலுக்கும் வழுக்கினேன். மறுநாளே தராசுக்குத் திரும்பினேன்.

கண்டிப்பாகக் கவனிக்க வேண்டியது

இதைப் படித்துவிட்டு நாளைக்கே யாரும் சோற்றை நிறுத்திவிடக் கூடாது. இன்சுலின் போடுகிறவர்களும், சர்க்கரையை வேகமாக இறக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்களும், மருந்தைக் குறைக்காமல் சோற்றை மட்டும் குறைத்தால் சர்க்கரை அபாயமாக இறங்கிக் கடையிலேயே மயங்கி விழ நேரும். சிறுநீர் வழியாகச் சர்க்கரையை வெளியேற்றும் வகை மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மாவுச்சத்தை அடியோடு விட்டால் இரத்தத்தில் அமிலம் கூடும் ஆபத்து உண்டு. சிறுநீரகம் பழுதானவர்கள் தாமாகப் புரதத்தைக் கூட்டக் கூடாது. கர்ப்பிணிகள் டாக்டர் சொல்லாமல் எதையும் மாற்றக் கூடாது. முதலில் டாக்டர், பிறகுதான் தராசு. என் மாத்திரைகளைக் குறைத்தவரும் டாக்டர்தான், நானாகக் குறைக்கவில்லை.

வியாபாரம் என்னாவது?

"எல்லோரும் இப்படிச் சோற்றைக் குறைத்தால் நம் பிழைப்பு என்னாவது அண்ணாச்சி?" என்று என்னைப்போன்ற அரிசி வியாபாரிகள் கேட்கக்கூடும். என் அனுபவத்தைச் சொல்கிறேன். என் கடையில் அரிசி போக்குவரத்து சற்றுக் குறைந்திருப்பது உண்மை. அந்த இடத்தில் பயறு, கொள்ளு, கொண்டைக்கடலை, நிலக்கடலை வைத்திருக்கிறேன். பருப்புக்குப் பேர்போன விருதுநகர்ச் சந்தை நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. மூட்டைக்கு லாபம் அரிசியைவிடக் குறைவில்லை. தவிரவும், நம்மிடம் நாற்பது வருடம் சரக்கு வாங்க வேண்டிய வாடிக்கையாளர் ஐம்பத்தேழில் போய்விட்டால் அது யாருக்கு லாபம்?

இன்னொரு பக்கமும் இருக்கிறது. ரேஷனில் அரிசி இலவசமாகக் கிடைக்கிறது. பயறும் முட்டையும் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். மில்லில் நிற்கிறவர், நம் கடையில் மூட்டை தூக்குகிறவர், இவர்களிடம் போய்ச் சோற்றைக் குறை என்றால், அந்த இடத்தில் எதை வைப்பது என்று கேட்பார்கள். பாதாமையும் பிஸ்தாவையும் காட்ட முடியாது. கொள்ளு, தட்டைப்பயறு, நிலக்கடலை, முட்டை, கீரை, மோர் ஆகியவைதான் ஏழைக்கு எட்டுபவை. இவற்றை நியாயமான விலையில் நல்ல சரக்காக வைப்பது நாம் செய்யக்கூடிய உதவி. நாள் முழுவதும் சுமை தூக்குகிறவருக்குச் சோறு கூடத்தான் வேண்டும் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். நான் பேசுவது பெட்டியடியில் பன்னிரண்டு மணி நேரம் உட்கார்ந்திருக்கும் நம்மைப் பற்றி.

சங்கத்துக்கு என் வேண்டுகோள்

ஒன்று: மே 5 வணிகர் தினத்தன்று நம் ஊரில் கொடியேற்றத்தோடு, உறுப்பினர்களுக்கும் கடைப் பணியாளர்களுக்கும் சர்க்கரைப் பரிசோதனை முகாம் நடத்த வேண்டும். கால் பரிசோதனையும் அதில் சேர வேண்டும். ஏற்கனவே நோய் உள்ளவர்களுக்கு, 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வருகிறது என்பதைப் பணியாளர்களிடம் சொல்ல வேண்டும்.

இரண்டு: சங்கக் கூட்டங்களில் கேசரிக்கும் ஜிலேபிக்கும் பதில் சுண்டல் கொடுக்க வேண்டும். காபி, தேநீரில் சீனியைத் தனியாக வைக்க வேண்டும், வேண்டியவர் போட்டுக்கொள்ளட்டும்.

மூன்று: எந்தச் சரக்கையும் "சர்க்கரைக்கு நல்லது, எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம்" என்று சொல்லி விற்பதில்லை என நாம் தீர்மானம் போட வேண்டும்.

நான்கு: பெட்டியடியில் செருப்பில்லாமல் உட்காரும் பழக்கத்தைச் சர்க்கரை உள்ளவர்கள் விட வேண்டும். லட்சுமி இருக்கும் இடம் என்று செருப்பைக் கழற்றி வைப்பது நம் மரபு. கடைக்குள் மட்டும் போடும் சுத்தமான மென்செருப்பு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். லட்சுமி கோபித்துக்கொள்ள மாட்டாள். இரவில் படுக்கும் முன் பாதத்தைத் திருப்பி ஒருமுறை பாருங்கள். குனிய முடியாதவர்கள் வீட்டில் உள்ளவர்களைப் பார்க்கச் சொல்லுங்கள்.

அண்ணன் உட்கார்ந்த பெட்டியடியில் இன்று நான் உட்காருகிறேன். அடுத்து என் மகன் உட்காருவான். அவனுக்கு முப்பத்திரண்டு வயது, இடுப்பு ஏற்கனவே பெருக்க ஆரம்பித்துவிட்டது. சென்னையில் டாக்டர் அ. ராமச்சந்திரன் குழுவினர் நடத்தி 2006-இல் வெளியிட்ட ஆய்வில், சர்க்கரையின் வாசலில் நின்றவர்கள் சாப்பாட்டையும் நடையையும் மாற்றியதாலேயே, நோய் வரும் ஆபத்து 28 சதவிகிதத்துக்கு மேல் குறைந்தது. அதற்கு மாத்திரை தேவைப்படவில்லை. அவனிடம் இதைச் சொல்லியிருக்கிறேன். "நீங்க விக்கிற அரிசியை நானே சாப்பிடாட்டா யாருப்பா சாப்பிடுவா?" என்று கேட்கிறான். போன வாரம் அவன் தட்டருகே தராசைக் கொண்டுபோய் வைத்தேன். முறைத்தான். ஆனால் எடை போட்டான்.

நீங்களும் ஒரு வாரம் எடை போட்டுப் பாருங்கள். கணக்கு உங்களுக்கே தெரியும்.